ஆவணம் ஏராளம், பாடம் எங்கே? திருகோணமலை வகுப்பறையும் இணையவழிக் குடியுரிமைக் கல்வியும்

கிழக்கு மாகாண சபையின் ஆயுட்காலம் 2017 செப்டெம்பர் 30ஆம் திகதி முடிந்தது. அப்போது திருகோணமலையில் இரண்டாம் தரத்தில் இருந்த பிள்ளைகள் இன்று சாதாரண தர வகுப்புக்கு வந்துவிட்டார்கள். அவர்களுடைய குடியுரிமைக் கல்விப் பாடநூல் மாகாண சபையைப் பற்றிச் சொல்கிறது: மக்கள் தெரிவுசெய்யும் உறுப்பினர்கள், முதலமைச்சர், அமைச்சர் வாரியம், ஆளுநர். அவர்கள் வாழும் நகரமோ அந்த மாகாணத்தின் தலைநகர். அங்கே ஆளுநர் செயலகம் இருக்கிறது, பிரதம செயலாளர் இருக்கிறார், மாகாணத் திணைக்களங்கள் இயங்குகின்றன. மக்கள் தெரிவுசெய்த சபை மட்டும் இல்லை. புத்தகத்தில் உள்ளதற்கும் ஊரில் உள்ளதற்கும் இடையிலான இந்த இடைவெளியை ஆசிரியர் எதைக் கொண்டு விளக்குவார்?

முன்பெல்லாம் இதற்கு நூலகத்தையும் பத்திரிகை நறுக்குகளையும் நாடினார்கள். இப்போது எல்லாம் இணையத்தில் இருக்கிறது என்கிறோம். இந்தக் கட்டுரை அந்தப் பேச்சைச் சோதிக்கிறது. அரசியலமைப்பையும் ஆட்சிமுறையையும் கற்பிக்கத் தமிழில் இணையத்தில் என்ன கிடைக்கிறது? மூதூரிலோ கிண்ணியாவிலோ ஓர் ஆசிரியர் ஒரு பாடவேளைக்குள் பயன்படுத்தக்கூடிய வடிவில் அது இருக்கிறதா? அது இன்றைய சட்டத்தைச் சொல்கிறதா? வளங்களை வகைவகையாகப் பார்த்தபின் நான் வந்தடையும் முடிவு இதுதான்: ஆவணங்களுக்குப் பஞ்சமில்லை, பாடநூல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய பாடம்தான் எழுதப்படாமல் கிடக்கிறது. அதை எழுதுவதற்குத் திருகோணமலையைப் போலப் பொருத்தமான மாவட்டம் இலங்கையில் அதிகம் இல்லை.

அரசு தரும் பாடப்பொருள்

தரம் 6 முதல் 9 வரை 'வாழ்க்கைத் தேர்ச்சியும் குடியுரிமைக் கல்வியும்' என்ற பாடம் உண்டு. தரம் 10, 11இல் குடியுரிமைக் கல்வி தெரிவுப் பாடமாகிவிடுகிறது. வணிகக் கல்வி, புவியியல் முதலியவை இருக்கும் தொகுதியில்தான் இதுவும் இருக்கிறது. வரலாறு கட்டாயம், குடியுரிமைக் கல்வி விருப்பம். ஆகவே புவியியலையோ வணிகத்தையோ தெரிவுசெய்யும் பிள்ளைக்கு முறையான குடியியல் படிப்பு தரம் 9உடன் முடிகிறது. உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் எடுப்போரே அதை மீண்டும் சந்திக்கிறார்கள். பதினான்கு வயதில் பாடம் நின்றுவிடும் பிள்ளை பதினெட்டு வயதில் வாக்களிக்கப் போகும்போது, இடையில் கற்பதற்கு மிஞ்சுவது பெரும்பாலும் கைபேசித் திரையே. இணைய வளங்களின் தரம் பற்றிய கேள்வி இதனாலேயே முக்கியமாகிறது.

கல்வி வெளியீட்டுத் திணைக்களம் பாடநூல்களைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் இலவசக் கோப்புகளாகத் தன் தளத்தில் வைத்திருக்கிறது. மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகம் பாடத்திட்டங்களையும் ஆசிரியர் வழிகாட்டிகளையும் தருகிறது. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தரவாரியாகப் பாடங்களும் பயிற்சிகளும் உள்ளன. கடந்தகால வினாத்தாள்களும் கிடைக்கின்றன. வாங்க வசதியற்ற வீட்டுக்கும் இவை எட்டும். வட்ஸ்அப் குழு ஒன்றில் ஒரு தடவை போட்டால் வகுப்பு முழுவதற்கும் போய்ச் சேரும். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது இந்தக் கோப்புகள்தான் பல வகுப்புகளைத் தாங்கின.

குறை எங்கே என்றால், இவற்றில் பெரும்பகுதி அச்சுப் பக்கம் திரைக்கு வந்தது மட்டுமே. மாணவர் பக்கத்தைப் புரட்டலாம், ஆனால் அதனுடன் எதுவும் செய்ய முடியாது. இதைவிடப் பெரிய குறை காலம் சார்ந்தது. 18ஆவது திருத்தம் 2010இல் வந்தது. அது ஜனாதிபதியின் இரு பதவிக்கால வரம்பை நீக்கி, அரசியலமைப்புப் பேரவையின் இடத்தில் பாராளுமன்றப் பேரவையை வைத்தது. 2015இல் 19ஆவது திருத்தம் வரம்பையும் பேரவையையும் மீட்டது. 2020இல் 20ஆவது திருத்தம் பேரவையை மறுபடி அகற்றியது. 2022 ஒக்டோபரில் சான்றுப்படுத்தப்பட்ட 21ஆவது திருத்தம் அதை மறுபடி கொண்டுவந்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் நான்கு திருத்தங்கள். கணிதப் பாடநூல் பத்து ஆண்டு பழையதானாலும் கணக்கு மாறாது. குடியுரிமைக் கல்வியில் அந்தப் பத்து ஆண்டுகள் ஒரு மாணவனைத் தவறான விடையில் கொண்டுபோய் விட்டுவிடும். கோப்பு இணையத்தில் இருப்பதால் அது புதிது என்று நம்புகிறோம். பாடநூலின் பதிப்பாண்டைப் பார்க்கும் பழக்கத்தையே முதல் பாடமாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

மூல ஆவணங்கள்

பாராளுமன்றத்தின் இணையத்தளம் மும்மொழித் தளம். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு, திருத்தங்கள் சேர்க்கப்பட்ட வடிவில் தமிழிலும் அங்கே கிடைக்கிறது. சட்டமூலங்கள், சட்டங்கள், வர்த்தமானிகள் எல்லாம் அரச அச்சகத் திணைக்களத்தின் தளத்தில் உள்ளன. ஹன்சார்ட் திகதி வாரியாக இருக்கிறது. அதில் உறுப்பினர் பேசிய மொழியிலேயே பேச்சு அச்சாகிறது. எனவே திருகோணமலை உறுப்பினர் தமிழில் பேசியதைத் தமிழ் மாணவர் மொழிபெயர்ப்பின் துணையின்றி வாசிக்கலாம். அவருக்குச் சிங்களத்தில் பதில் சொன்ன அமைச்சரின் பேச்சை வாசிக்கத்தான் சிங்கள மொழிமூல வகுப்பின் உதவி வேண்டும்.

இந்தக் களஞ்சியத்தின் பெறுமதியை ஆசிரியர்கள் குறைவாகவே எண்ணுகிறோம். உறுப்புரை 3 இறைமை மக்களிடம் இருக்கிறது என்கிறது. அந்த இறைமை ஆட்சி அதிகாரங்களையும் அடிப்படை உரிமைகளையும் வாக்குரிமையையும் உள்ளடக்கியது என்றும் சொல்கிறது. இந்த ஒரு வசனத்தை மூலத்தில் வாசிப்பது பாடநூலில் நான்கு பக்கச் சுருக்கத்தை மனனம் செய்வதைவிட மேல். உறுப்புரை 18 சிங்களத்தை அரசகரும மொழியாகச் சொல்லி, 1987இன் 13ஆவது திருத்தம் சேர்த்த வாசகத்தில் தமிழும் ஓர் அரசகரும மொழியாகும் என்கிறது. அதே வேளை, சட்டங்களின் இறுதியில் வழக்கமாக ஒரு பிரிவு வரும்: சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் இடையே முரண்பாடு நேர்ந்தால் சிங்கள உரையே மேலோங்கும். சட்டத்தை மூலத்தில் வாசிக்கும் மாணவர் இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் காண்பார். விவாதத்தைத் தொடங்க ஆசிரியர் வேறெதுவும் சொல்லத் தேவையில்லை.

ஆனால் இந்த ஆவணங்கள் எதுவும் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டவை அல்ல. சட்டத்தமிழ் கடினம். நீண்ட வாக்கியங்களுக்குள் நிபந்தனைக்குள் நிபந்தனை வரும். தேடல் வசதி பலவீனம். சில கோப்புகளில் எழுத்துரு பழையதாக இருப்பதால் ஒரு சொல்லைப் பிரதியெடுத்து ஒட்டினால் குறியீடுகளாக வந்து விழும். பாராளுமன்றம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது, உள்ளே வழிகாட்டும் ஆள்தான் இல்லை.

தேடினால் வரும் அயல்நாட்டுப் பாடம்

பிள்ளைகள் உண்மையில் போகும் இடம் இந்தத் தளங்கள் அல்ல, யூடியூப். அங்கே 'அரசியலமைப்பு', 'அடிப்படை உரிமைகள்' என்று தமிழில் தேடினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் தமிழ்நாட்டின் போட்டித் தேர்வு வகுப்புகள். அவை தெளிவானவை, உற்சாகமானவை, தம் நோக்கத்துக்குச் சரியானவை. ஆனால் அவை சொல்வது இந்திய அரசியலமைப்பை.

மொழி ஒன்றாக இருப்பதால் வேற்றுமை மறைந்துவிடுகிறது. இந்தியாவில் அடிப்படை உரிமைகள் மூன்றாம் பாகத்தில், உறுப்பு 12 முதல் 35 வரை உள்ளன. இலங்கையில் மூன்றாம் அத்தியாயத்தில், உறுப்புரை 10 முதல் 17 வரை. இந்திய அரசியலமைப்பின் 21ஆவது உறுப்பு உயிர்வாழும் உரிமையை நேரடியாகச் சொல்கிறது. இலங்கையின் மூன்றாம் அத்தியாயத்தில் அப்படி வெளிப்படையான உரிமை இல்லை. 2003இல் சிறியாணி சில்வா வழக்கில் நீதிமன்றம் உறுப்புரை 13(4)இலிருந்து அதை உய்த்துணர்ந்தது. இந்தியாவில் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தை நீதிமன்றம் செல்லாததாக்கலாம். இலங்கையில் உறுப்புரை 80(3) அதைத் தடுக்கிறது. சட்டமூலமாக இருக்கும்போதே குறித்த நாட்களுக்குள் உயர் நீதிமன்றம் போக வேண்டும், சான்றுரை எழுதப்பட்டபின் வாசல் மூடிவிடும். இந்த 'உயர் நீதிமன்றம்' என்ற பெயரே பிள்ளையைக் குழப்பும். நமக்கு அது நாட்டின் அதியுச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டு விரிவுரையாளருக்கோ மாநில நீதிமன்றம். ஆளுநர் என்றால் அங்கே மாநில ஆளுநர். இங்கே மாகாண ஆளுநரின் அதிகாரமும், சபை இல்லாத காலத்தில் அவர் வகிக்கும் இடமும் வேறு.

இந்தக் காணொளிகளைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். இரண்டு நாடுகளையும் அடுத்தடுத்து வைத்து ஓர் ஒப்பீட்டுப் பாடமாக்கினால் இந்த விபத்தே நல்ல வளமாகும். தனியே விட்டால் திருகோணமலைப் பிள்ளை தனக்கில்லாத உரிமைகளைத் தனக்குண்டு என்று நம்பியும், தனக்குள்ள வழியை அறியாமலும் வளரும். அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் நேரடியாக உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம் என்ற உறுப்புரை 126இன் ஏற்பாடு அப்படி அறியாமல் போகும் வழிகளில் முதன்மையானது.

சிவில் அமைப்புகளின் பங்கு

அரசுக்கு வெளியே தரமான பணி சில நடந்திருக்கிறது. வெரிட்டே ரிசேர்ச் நிறுவனம் 2013இல் தொடங்கிய மன்த்ரி.எல்கே தளம், பாராளுமன்ற உறுப்பினர்கள் சபையில் எவ்வளவு பங்கெடுக்கிறார்கள் என்பதை ஹன்சார்டைக் கொண்டு மூன்று மொழிகளிலும் கணக்கிட்டுத் தந்தது. தன் மாவட்ட உறுப்பினர்கள் எந்தத் துறைகளைப் பற்றிப் பேசினார்கள் என்று பார்ப்பது ஒரு மாணவருக்குப் புதிய அனுபவம். இருந்தாலும் வரிசைப்பட்டியலைக் கொண்டு உறுப்பினரை மதிப்பிடும் ஆபத்தும் அதில் இருக்கிறது. அதிகம் பேசியவர் நன்றாகப் பேசியவர் ஆகிவிட மாட்டார். அந்த எச்சரிக்கையையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும்.

மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 1996 முதல் அரசியலமைப்பு விடயங்களில் வெளியீடுகள் செய்து வருகிறது. அதன் சார்பில் 2014இல் வந்த 'மாற்றம்' தளம் தமிழில் அரசியல் கட்டுரைகளைத் தருகிறது. ஆசிரியர் தன்னைத் தயார்செய்துகொள்ள இவை நல்லவை. மாணவருக்கு நேரடியாகக் கொடுத்தால் ஒரு தரப்பின் வாதத்தை மட்டும் கொடுத்ததாகிவிடும். எதிர்வாதத்தையும் தேடிப் பக்கத்தில் வைப்பது ஆசிரியரின் வேலை.

2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்தை நான் தனியாகக் குறிப்பிட விரும்புகிறேன். இலங்கைத் தமிழ்பேசும் சமூகங்களின் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள் பல்லாயிரக்கணக்கில் அங்கே சேர்ந்திருக்கின்றன. அரசியலமைப்பு வரலாற்றைத் தமிழில் தேடுவோருக்கு இதற்கு நிகரான இடம் வேறில்லை. 1931இல் டொனமூர் அரசியலமைப்போடு வந்த சர்வசன வாக்குரிமை, 1956 ஓகஸ்டில் தமிழரசுக் கட்சி திருகோணமலையில் கூட்டிய மாநாடு, 1957 யூலையில் கைச்சாத்தான பண்டாரநாயக்க-செல்வநாயகம் ஒப்பந்தம், 1972, 1978 அரசியலமைப்புகள் பற்றிய தமிழ் விவாதங்கள் ஆகியவற்றைத் தேடும் ஆசிரியர் தொடங்க வேண்டிய இடம் அது. ஆனால் அது களஞ்சியம். வகுப்புக்கு ஏற்ற பத்தியைத் தெரிந்தெடுத்து, நான்கு கேள்விகள் சேர்த்து, திகதியும் பின்னணியும் எழுதிக் கொடுப்பவர் வேறொருவராக இருக்க வேண்டும்.

வெளியுலகம் செய்திருப்பது

அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் முதல் பெண் நீதியரசரான சான்ட்ரா டே ஓ'கானர் ஓய்வுக்குப் பின் 2009இல் ஐசிவிக்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார். அவருடைய கணிப்பு எளிமையானது: அமைப்புகளின் பெயர்களைப் பிள்ளைகள் மனனம் செய்கிறார்கள், அவை எப்படி இயங்குகின்றன என்பதை அறிவதில்லை. எனவே மாணவரே சட்டத்தரணியாக, ஜனாதிபதியாக, சட்டமன்ற உறுப்பினராக இருந்து முடிவெடுக்கும் இணைய விளையாட்டுகளை அந்த அமைப்பு உருவாக்கியது. அவுஸ்திரேலியப் பாராளுமன்றத்தின் கல்வி அலுவலகம் வகுப்பறையையே சபையாக்கி நடத்தும் நடிப்புப் பாடங்களை வெளியிடுகிறது. கொன்ஸ்டிடியூட் என்ற தளம் உலக நாடுகளின் அரசியலமைப்புகளைத் தலைப்பு வாரியாகப் பக்கத்தில் பக்கம் வைத்து ஒப்பிட வழி செய்கிறது. இந்தியாவின் அரசியல் நிர்ணய சபை விவாதங்கள் முழுமையாகத் தேடக்கூடிய வடிவில் இணையத்தில் உள்ளன. 1946 முதல் யார் எந்த உறுப்பைப் பற்றி என்ன சொன்னார் என்பதை ஒரு மாணவர் நொடியில் எடுக்கலாம்.

இவற்றை அப்படியே இறக்குமதி செய்து பயனில்லை. அமெரிக்க விளையாட்டில் வரும் உரிமைகளும் நீதிமன்றங்களும் நம்முடையவை அல்ல, மொழியும் தடை. எடுத்துக்கொள்ள வேண்டியது முறையை. மாணவரை முடிவெடுக்கச் செய்வது, மூல ஆவணத்தைச் சிறு துண்டாக்கித் தருவது, ஒரே கேள்விக்கு இரண்டு விடைகளை அடுத்தடுத்து வைப்பது என்ற மூன்றும் எந்த நாட்டுக்கும் பொருந்தும். கொழும்பு நவரங்கஹலவில் கூடி 1972 அரசியலமைப்பை ஆக்கிய அரசியல் நிர்ணய சபையிலிருந்து தமிழரசுக் கட்சி 1971இல் வெளியேறியது. அந்த நாட்களின் விவாதங்களை இந்தியத் தளத்தைப் போல் ஒழுங்குபடுத்திக் கொடுத்தால் இந்த நாட்டின் மூன்று சமூகப் பிள்ளைகளும் ஒரே மூலத்திலிருந்து வரலாற்றைப் படிக்கலாம்.

மாவட்டமே பாடப்பொருள்

திருகோணமலையைப் பொருத்தமான மாவட்டம் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்ற மூன்று சமூகங்களும் பெரிய எண்ணிக்கையில் வாழ, எந்தச் சமூகமும் பாதியை எட்டாத மாவட்டம் இது. 2012 குடிசன மதிப்பீட்டில் இதன் சனத்தொகை 379,541. பதினொரு பிரதேச செயலகப் பிரிவுகள். அரசியலமைப்பின் பெரிய கேள்விகள் பலவும் இதன் எல்லைக்குள்ளேயே நடந்திருக்கின்றன.

முதலில் துறைமுகம். அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணை அதிகாரங்களை மாகாணசபை நிரல், ஒதுக்கிய நிரல், ஒருங்கிய நிரல் என மூன்றாகப் பிரிக்கிறது. துறைமுகங்களும் பாதுகாப்பும் மத்திக்கு ஒதுக்கப்பட்டவை. அட்டவணையை அச்செடுத்துக் கொண்டு நகரைச் சுற்றிவந்தால் துறைமுக அதிகாரசபை, கடற்படைத்தளம், மாவட்டச் செயலகம், மாகாணக் கல்வித் திணைக்களம், உள்ளூராட்சி சபை என ஒவ்வொரு வாசலிலும் நின்று இது எந்த நிரலைச் சேர்ந்தது என்று கேட்கலாம். சீனன்குடாவின் எண்ணெய்க் குதங்கள் 1987 யூலை 29 இந்திய-இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் இடம்பெற்றவை. 2022 சனவரியில் அவற்றைப் பற்றிப் புதிய ஒப்பந்தம் வந்தது. அதே 1987 உடன்படிக்கையிலிருந்தே 13ஆவது திருத்தமும் மாகாண சபையும் வந்தன. உள்ளூரின் இரும்புக் குதத்திலிருந்து அரசியலமைப்பின் திருத்தம் வரை ஒரே பாடத்தில் போக முடியும்.

அடுத்து, தொடக்கத்தில் கேட்ட மாகாண சபைக் கேள்வி. வட-கிழக்கு மாகாண சபை 1988இல் திருகோணமலையைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்தது. 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் வடக்கு-கிழக்கு இணைப்புச் செல்லாது என்றது. 2007 சனவரியில் மாகாணங்கள் பிரிந்தன. 2008 மே மாதம் கிழக்குக்குத் தனித் தேர்தல் நடந்தது. 37 உறுப்பினர்களில் அம்பாறைக்கு 14, மட்டக்களப்புக்கு 11, திருகோணமலைக்கு 10, மேலதிக ஆசனங்கள் 2. 2017 செப்டெம்பரில் தேர்தல் முறையை மாற்றும் சட்டம் நிறைவேறியது. புதிய முறைக்குத் தேவையான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றம் நிராகரித்தது. ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை. பழைய முறை நீங்கிவிட்டது, புதிய முறை தொடங்கவில்லை, தேர்தல் நின்றது. சட்டம், வாக்கெடுப்பு, விவாதம் எல்லாம் பாராளுமன்றத் தளத்தில் உள்ளன. இந்த ஆவணங்களை வரிசையாக வைத்து 'சபை ஏன் இல்லை?' என்று கேட்கும் பாடம், அதிகாரப் பரவலாக்கம் பற்றிய ஒரு முழு அலகுக்குச் சமம்.

மூன்றாவது, அப்போதைய திருகோணமலை மாவட்ட உறுப்பினரின் பெயரையே தாங்கிய வழக்கு. 2018 ஒக்டோபர் 26இல் பிரதமர் நீக்கப்பட்டார். நவம்பர் 9இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. இராஜவரோதயம் சம்பந்தன் முதலியோர் உயர் நீதிமன்றம் போனார்கள். ஏழு நீதியரசர்கள் அடங்கிய ஆயம் டிசம்பர் 13இல் ஏகமனதாகத் தீர்ப்பளித்தது: உறுப்புரை 33(2)(இ) தரும் கலைக்கும் அதிகாரம் உறுப்புரை 70(1)க்குக் கட்டுப்பட்டது, பாராளுமன்றம் கூடி நாலரை ஆண்டு முடியுமுன் மூன்றிலிரண்டு பங்கு உறுப்பினர்கள் கேட்டாலொழிய அதைக் கலைக்க முடியாது. அதிகாரப் பிரிவினை என்று பாடநூல் சொல்வது நடைமுறையில் எப்படி இயங்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் அண்மைய இலங்கையில் இல்லை. தீர்ப்பு ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அதன் சாரத்தைப் பதினைந்து வயதினருக்குத் தமிழில் இரண்டு பக்கமாகச் சொல்லலாம். சொல்லும்போது ஒரு குறிப்பும் தேவை: 20ஆவது திருத்தம் அந்த நாலரை ஆண்டை இரண்டரையாகக் குறைத்தது, 21ஆவது அதை மாற்றவில்லை. ஆகவே வழக்கின் தத்துவம் நிற்கிறது, எண் மாறிவிட்டது. திகதியிடாத பாடம் எப்படி வழிதவறச் செய்யும் என்பதற்கும் இதுவே சான்று.

நான்காவது, சம்பூர். 2006இல் போரால் வெளியேறிய மக்களின் நிலம், உயர் பாதுகாப்பு வலயம், பொருளாதார வலயம், 2015க்குப் பின் மீள்குடியேற்றம், சூழலியல் அமைப்பொன்று நிலக்கரி மின்நிலையத்துக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு, திட்டத்தை மேற்கொள்ளப் போவதில்லை என 2016 செப்டெம்பரில் அரசு அங்கே அறிவித்தமை என அந்த ஒரு கிராமத்தின் கதையில் சொத்தும் சுற்றாடலும் அபிவிருத்தியும் நீதிமன்றமும் கூடி வருகின்றன.

ஐந்தாவது, எண்கள். தேர்தல்கள் ஆணைக்குழுவின் தளத்தில் திருகோணமலை, மூதூர், சேருவில என்ற மூன்று தொகுதிகளின் முடிவுகளும் கிடைக்கின்றன. மாவட்டத்துக்கு 4 ஆசனங்கள். 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்திக்கு 2, ஐக்கிய மக்கள் சக்திக்கு 1, இலங்கைத் தமிழரசுக் கட்சிக்கு 1. விகிதாசார முறைப்படி முதலிடம் பெற்ற கட்சிக்கு ஒரு மேலதிக ஆசனம் போகும். ஐந்து வீதத்துக்குக் குறைந்த கட்சிகளின் வாக்குகளைக் கழித்து, எஞ்சியதை 3ஆல் வகுக்க வேண்டும். எந்த ஆசனம் மேலதிகமாக வந்தது, எது முழு எண்ணால் வந்தது, எது மிச்ச வாக்கால் வந்தது என்று மாணவரே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கலாம். கணித ஆசிரியரும் இந்தப் பாடத்துக்கு வரலாம்.

கடினமான கேள்விகளும் ஆசிரியரின் அச்சமும்

இத்தனை இருந்தும் இந்தப் பாடங்கள் ஏன் எழுதப்படவில்லை? நேரமின்மையும் பரீட்சை நெருக்கடியும் ஒரு பகுதிக் காரணம். தரவுக் கட்டணமும் சமிக்ஞை பலவீனமும் இன்னொரு பகுதி. வெளியே அதிகம் பேசப்படாத காரணம் அச்சம். ஆசிரியர் அரச ஊழியர், தாபன விதிக்கோவைக்குக் கட்டுப்பட்டவர். மன்னாரைச் சேர்ந்த ஆசிரியரும் கவிஞருமான ஒருவர் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதானார். 2023 டிசம்பரில்தான் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது. இணையத்தில் ஒரு பாடத்தைப் பதிவேற்ற நினைப்பவர் இவற்றையெல்லாம் எண்ணிப் பார்ப்பது இயல்பே.

மாவட்டத்தின் கனமான நினைவுகளும் உண்டு. 2006 சனவரி 2இல் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். குற்றஞ்சாட்டப்பட்டிருந்த விசேட அதிரடிப்படையினர் 2019இல் சாட்சியங்கள் போதாமையால் விடுவிக்கப்பட்டார்கள். சட்டத்தின் முன் சமத்துவம் என்று உறுப்புரை 12ஐ வாசிக்கும் வகுப்பில் ஒரு பிள்ளை இதைக் கேட்டால் ஆசிரியர் என்ன சொல்வது? 2018இல் நகரின் பெண்கள் பாடசாலை ஒன்றில் ஆசிரியைகளின் அபாயா தொடர்பாக எழுந்த விவகாரம் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் நீதிமன்றத்துக்கும் போனது. அதில் சமய சுதந்திரமும் பாடசாலை மரபும் இரு சமூகங்களின் உணர்வும் மோதின.

இக்கேள்விகளை ஒதுக்கிவிட்டு நடத்தும் குடியுரிமைக் கல்வியைப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். ஆனால் இவற்றைத் தனி ஆசிரியரின் துணிவில் விடுவதும் நியாயமில்லை. ஆவணத்தைத் தளமாகக் கொள்வதே இங்கே பாதுகாப்பு. தன் கருத்தைச் சொல்லாமல் ஆணைக்குழுவின் அறிக்கையையும் நீதிமன்றக் கட்டளையையும் உறுப்புரையையும் முன்வைத்து, கேள்வியைப் பிள்ளைகளிடம் விடலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குத் திருகோணமலையில் பிராந்திய அலுவலகம் உண்டு. அதன் அலுவலரை வகுப்புக்கு அழைப்பதும் ஒரு வழி.

செய்யக்கூடியது

இனிச் செய்ய வேண்டியது பெரிய மென்பொருளோ வெளிநாட்டு நிதியோ கேட்பதல்ல. மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள் உள்ளன: திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய். வலயத்துக்கு ஒரு பாடம் என்று எடுத்துக்கொண்டால் மேலே சொன்ன ஐந்தும் ஓர் ஆண்டுக்குள் முடிந்துவிடும். ஒவ்வொன்றும் நான்கு பக்கத்தைத் தாண்டக் கூடாது. மூலத்திலிருந்து ஒரு பத்தி, பின்னணி, இரு தரப்பு வாதம், மாணவர் முடிவெடுக்க வேண்டிய ஒரு கேள்வி, எந்தத் திருத்தம் வரை சரிபார்க்கப்பட்டது என்ற திகதி ஆகிய ஐந்தும் அதில் இருந்தால் போதும். கோப்பு சிறிதாக இருக்க வேண்டும், கைபேசியில் திறக்க வேண்டும், அச்செடுக்கவும் வர வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலிருந்தும் உள்ளூர்ச் சட்டத்தரணிகளிடமிருந்தும் சரிபார்க்கும் உதவி பெறலாம். ஆண்டுதோறும் மீள்பார்வை செய்யும் பொறுப்பு யாருடையது என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும். கவனிப்பாரின்றிப் பழையதாகிப் போன தளங்கள் ஏற்கெனவே போதும்.

கந்தளாயின் சிங்கள மொழிமூல வகுப்பும் கிண்ணியாவின் தமிழ் மொழிமூல வகுப்பும் ஒரே சட்டத்தின் இரு உரைகளை வாசித்து ஒரே கேள்விக்கு விடை எழுதி மாற்றிக்கொண்டால், அந்தச் சட்டத்தின் ஒரே பக்கம்கூடப் போதும். பாடநூலில் சமூக ஒருமைப்பாடு என்று வரும் அத்தியாயம் அப்போது செயலாகும்.

தகவல் அறியும் உரிமையையும் பாடத்தில் சேர்க்க வேண்டும். 19ஆவது திருத்தம் உறுப்புரை 14அ மூலம் அந்த உரிமையை அரசியலமைப்பில் சேர்த்தது. 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. காரணம் சொல்லாமலே ஒரு பிரசை பகிரங்க அதிகாரசபையிடம் தகவல் கேட்கலாம், பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஆசிரியரின் பெயரில் வகுப்பு ஒரு விண்ணப்பம் எழுதட்டும்: தங்கள் வலயத்தில் குடியுரிமைக் கல்வியைக் கற்பிக்கத் தகைமை பெற்ற ஆசிரியர்கள் எத்தனை பேர், எத்தனை பாடசாலைகளில் அந்தப் பாடம் தரம் 10இல் நடக்கிறது. விடை வந்தால் தரவு. மறுத்தால் மேன்முறையீடு, அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. எந்தக் காணொளியும் இப்படி ஓர் உரிமையைப் பிள்ளையின் கையில் கொடுக்காது. இணையம் ஆவணத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டது. அந்த ஆவணத்தைக் கொண்டு அரசிடம் கேள்வி கேட்கக் கற்பிக்கும் வேலை இன்னும் ஆசிரியரிடமே இருக்கிறது, அதை ஆரம்பிக்க மகரகமவிலிருந்து சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.